நிரலால் இயங்கும் இயந்திரம்: காப்புரிமை எதற்கு உண்டு, எதற்கு இல்லை?

வங்கிக் கிளைகளின் வாசலில் நிற்கும் ஏடிஎம் இயந்திரத்தை அறியாத வாடிக்கையாளர் இலர். அட்டையைச் செருகுகிறோம், இரகசிய எண்ணை அழுத்துகிறோம், தாள்கள் எண்ணப்பட்டு வெளிவருகின்றன. பார்வைக்கு இது உருளைகளும் பெட்டிகளும் விசைகளும் கொண்ட ஓர் இரும்புப் பேழை. ஆனால் இதன் ஒவ்வோர் அசைவையும் தீர்மானிப்பது உள்ளே இயங்கும் கணினி நிரலே. வீட்டிலுள்ள துணி துவைக்கும் இயந்திரம், மருத்துவமனையின் ஸ்கேன் கருவி, பட்டறையின் சிஎன்சி கடைசல் இயந்திரம் ஆகியவற்றின் நிலையும் இதுதான். இரும்பும் நிரலும் சேர்ந்தே இன்று இயந்திரம் எனப்படுகிறது.

இத்தகைய இயந்திரத்தில் புதுமை கண்ட ஒருவர் காப்புரிமை கோரினால் அதை வழங்கலாமா? அவர் கண்டது இயந்திரமா, வெறும் நிரலா? இக்கேள்வி வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரியது போலத் தோன்றும். ஆயினும் வங்கிக் கடனில் தொழில் நடத்தும் சிறு உற்பத்தியாளர்கள் பலர், சந்தையில் கிடைக்கும் சாதாரண மைக்ரோகண்ட்ரோலரையும் சென்சாரையும் கொண்டு புதிய கருவிகளை உருவாக்கி வருகின்றனர். அவர்களுடைய உழைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா, பிறருடைய காப்புரிமை அவர்களுடைய வழியை அடைக்குமா என்னும் இரண்டும் இக்கேள்வியின் விடையைப் பொறுத்தவை. ஆகவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

காப்புரிமை என்னும் ஒப்பந்தம்

காப்புரிமை என்பது கண்டுபிடிப்பாளருக்கும் சமுதாயத்துக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம். கண்டுபிடிப்பாளர் தாம் கண்டதை ஒளிவுமறைவின்றி எழுதித் தருகிறார். அதற்கு ஈடாக, விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குத் தம் அனுமதியின்றிப் பிறர் அதைச் செய்வதையும் விற்பதையும் தடுக்கும் உரிமையைப் பெறுகிறார். காலம் முடிந்ததும் அது அனைவருக்கும் பொதுவாகிறது. இந்த உரிமையைப் பெற, கண்டுபிடிப்பு புதியதாகவும், துறை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றாததாகவும், தொழிலில் பயன்படக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும்.

இந்த ஒப்பந்தத்தின் இரு பக்கங்களையும் ஏடிஎம் வரலாற்றிலேயே காணலாம். இலண்டன் அருகே என்ஃபீல்டு என்னுமிடத்தில் பார்க்லேஸ் வங்கி 1967 ஜூன் 27 அன்று பணம் வழங்கும் இயந்திரத்தைத் திறந்தது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு-பாரன் நமது ஷில்லாங்கில் பிறந்தவர். அவர் தம் கருவிக்குக் காப்புரிமை கோரவில்லை. விண்ணப்பித்தால் இரகசியக் குறியீட்டு முறையை வெளியிட நேரும், அது திருடர்களுக்கு உதவிவிடும் என்பது அவர் கூறிய காரணம். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் குட்ஃபெல்லோ, அட்டையும் தனிநபர் இரகசிய எண்ணும் கொண்டு பணம் பெறும் அமைப்புக்குப் பிரிட்டனில் காப்புரிமை விண்ணப்பம் அளித்திருந்தார். ஒருவர் இரகசியத்தைத் தேர்ந்தார். மற்றவர் வெளியிட்டு உரிமை பெற்றார். இன்று உலகெங்கும் நிலைத்திருப்பது இரண்டாமவர் எழுதிவைத்த அட்டையும் எண்ணும் கொண்ட வழியே.

நமது சட்டம் கூறுவது

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-இல் இயற்றப்பட்டது. எவையெவை கண்டுபிடிப்பு ஆகா என்பதை அதன் 3-ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் 2002-ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்ந்தது (கே) உட்பிரிவு. கணித முறை, வணிக முறை, 'தன்னளவிலான' கணினி நிரல், படிமுறை ஆகிய நான்குக்கும் காப்புரிமை இல்லை என்கிறது அது. கணக்குப் போடும் ஒழுங்கான வழிமுறையையே இங்குப் படிமுறை என்கிறோம்.

இதில் 'தன்னளவிலான' என்னும் ஒரு சொல்லே இத்தனை ஆண்டு விவாதத்துக்கும் வித்திட்டது. இச்சொல் நிரலுக்கு மட்டுமே அடைமொழியாக வருகிறது. வணிக முறைக்கு வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். திருத்த மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழு இதற்கு விளக்கம் தந்தது. நிரலோடு இணைந்தவையும் அதன்மேல் எழுந்தவையும் கண்டுபிடிப்பாகும் தகுதி பெற்றிருந்தால் அவற்றைத் தள்ளிவிடுவது நோக்கமன்று. நிரலுக்கு மட்டுமே உரிமை தருவதற்கில்லை என்பது அதன் சாரம்.

2004 டிசம்பரில் வெளியான அவசரச் சட்டம் இந்த வாயிலை அகலமாகத் திறக்க முயன்றது. தொழில்துறையில் தொழில்நுட்பப் பயன்பாடு கொண்ட நிரலுக்கும், வன்பொருளோடு இணைந்த நிரலுக்கும் அது விலக்கு அளித்தது. ஆனால் 2005-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்த வாசகம் இடம்பெறவில்லை; பழைய சொற்களே நிலைத்தன. அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றமும், கணினி வழிக் கண்டுபிடிப்புகளின் காப்புரிமை குறித்த வரைவு நெறியை 648-க்கு 14 என்னும் வாக்கு வேறுபாட்டில் நிராகரித்தது. உலகின் இரு பெரும் அவைகள் ஒரே ஆண்டில் தயக்கம் காட்டியமை, சிக்கலின் ஆழத்தைக் காட்டும்.

நிரலுக்குப் பாதுகாப்பே இல்லை என்று இதற்குப் பொருளன்று. நிரல் என்பது எழுதப்பட்ட படைப்பு என்ற வகையில், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதைக் காக்கிறது. வரிகளை நகலெடுப்பது குற்றம். ஆனால் அதே வேலையைச் செய்யும் வேறொரு நிரலை ஒருவர் தாமே எழுதிக்கொள்வதைப் பதிப்புரிமை தடுக்காது. காப்புரிமையோ, தாமே சிந்தித்துச் செய்தவரையும் தடுக்கும். இவ்வளவு வலிமை வாய்ந்த உரிமை என்பதால்தான் அதை வழங்குவதில் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

ரப்பர் அச்சும் எச்சரிக்கை எண்ணும்

எல்லைக்கோட்டை எங்கே வரைவது? இதற்குத் தெளிவு தருபவை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு வழக்குகள்.

முதலாவது 1978-ஆம் ஆண்டின் பார்க்கர் எதிர் ஃப்ளூக். வேதியியல் ஆலையில் வெப்பமோ அழுத்தமோ ஒரு வரம்பைக் கடந்தால் எச்சரிக்கை மணி ஒலிக்கும். அந்த வரம்பு எண்ணை அவ்வப்போது புதுப்பித்துக் கணக்கிடும் ஒரு முறைக்கு விண்ணப்பதாரர் உரிமை கோரினார். நீதிமன்றம் மறுத்தது. இங்குக் கிடைத்தது ஓர் எண் மட்டுமே. அதைக் கணக்கிட்ட சூத்திரத்தைத் தவிர அவ்விண்ணப்பத்தில் புதுமை வேறில்லை.

இரண்டாவது 1981-ஆம் ஆண்டின் டயமண்ட் எதிர் டீர். ரப்பரை அச்சிலிட்டு வெப்பமூட்டிப் பதப்படுத்தும்போது, எப்போது அச்சைத் திறப்பது என்பதே தொழிலாளியின் தலைவலி. முன்னதாகத் திறந்தால் ரப்பர் வேகாது; தாமதித்தால் மிகையாக வெந்து கெடும். அச்சினுள் வெப்பம் எவ்வளவு என்பதைச் சரியாக அறிய இயலாமையால் தோராயமாகவே நேரம் குறித்து வந்தனர். டீர், லட்டன் என்னும் இருவர், அச்சினுள் வெப்பத்தை இடைவிடாது அளந்து, கணினிக்கு அனுப்பி, நெடுங்காலமாக அறியப்பட்ட அரேனியசின் சமன்பாட்டைக் கொண்டு நேரத்தைத் திரும்பத் திரும்பக் கணித்து, உரிய நொடியில் அச்சைத் தானே திறக்கச் செய்தனர். சமன்பாடு பழையது, கணினியும் அச்சும் கடையில் கிடைப்பவை. ஆயினும் ஐந்துக்கு நான்கு என்னும் பெரும்பான்மையில், இது காப்புரிமைக்கு உரிய பொருளே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமன்பாட்டை அவர்கள் தமதாக்கிக் கொள்ளவில்லை. ரப்பரைப் பதப்படுத்தும் ஒரு வழியையே கோரினர் என்பது அதன் நியாயம்.

ஐரோப்பாவிலும் இதே சிந்தனை வேரூன்றியது. எக்ஸ்ரே குழாய்க்கு மிகைச்சுமை ஏறாமல், படமும் நன்கு விழுமாறு கருவியை இயக்கிய ஒரு நிரல் பற்றிய கோக் அண்டு ஸ்டெர்ட்செல் வழக்கு, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டுக் குழு முன் வந்தது. கருவி சாதாரணமானதே எனினும், நிரல் அதன் இயக்கத்தில் ஏற்படுத்திய தொழில்நுட்ப விளைவு காப்புரிமைக்குப் போதும் என்று 1987-இல் அக்குழு முடிவு செய்தது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் எளிய உரைகல் கிடைக்கிறது. கணக்கு முடிந்ததும் உலகில் எது மாறியது என்று கேட்க வேண்டும். திரையில் ஓர் எண் மட்டும் மாறியிருந்தால் அது கணக்கு; ரப்பரோ குழாயோ தறியோ முன்னினும் நன்றாக இயங்கினால் அது இயந்திரம்.

வணிக முறைக்கு இயந்திர வேடம்

மறுபுறத்தையும் காண வேண்டும். வங்கித் தொழில் இதில் நேரடியாகத் தொடர்புடையது. 1998-இல் ஸ்டேட் ஸ்ட்ரீட் வங்கி வழக்கில், பரஸ்பர நிதிகளை நிர்வகிக்கும் ஒரு கணினி அமைப்புக்கான காப்புரிமையை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அதன்பின் வணிக யோசனைகளைக் கணினியில் ஏற்றி உரிமை கோருவது பெருகிற்று. ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு அமேசான் நிறுவனம் 1999-இல் பெற்ற காப்புரிமை உலகப் புகழ் பெற்றது. அதைக் காட்டி, போட்டியாளரான பார்ன்ஸ் அண்டு நோபிள் நிறுவனத்தின் இணையக் கடைக்கு எதிராக அதே ஆண்டு இறுதியில் இடைக்காலத் தடையும் பெற்றது. வாடிக்கையாளரின் விவரத்தைக் குறித்துவைத்து அடுத்த முறை கேளாமலே பொருளை அனுப்புவது எந்த மளிகைக் கடைக்காரரும் அறிந்த வழக்கம் அன்றோ என்று பலரும் வினவினர்.

இப்போக்குக்குக் கடிவாளம் இட்டது 2014-ஆம் ஆண்டின் ஆலிஸ் எதிர் சிஎல்எஸ் வங்கி வழக்கு. இரு தரப்பினர் பணத்தைப் பரிமாறிக் கொள்ளும்போது ஒருவர் மட்டும் செலுத்தி மற்றவர் ஏமாற்றிவிடும் ஆபத்து உண்டு. இதைத் தவிர்க்க நடுவில் நம்பகமான மூன்றாமவரை நிறுத்துவது பழைய வணிக வழக்கம். அதைக் கணினியில் செய்வதற்கே ஆலிஸ் நிறுவனம் உரிமை பெற்றிருந்தது. நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அதைத் தள்ளினர். பழைய யோசனையோடு 'கணினியில் செய்க' என்று சேர்த்துவிட்டால் அது கண்டுபிடிப்பாகிவிடாது என்பது தீர்ப்பின் கருத்து.

இந்தியாவில் இக்கதவு மேலும் இறுக்கமானது. வணிக முறைக்கான தடைக்கு 'தன்னளவிலான' என்னும் அடைமொழி இல்லாததால் அது முழுத் தடையே என்று, ஓபன் டிவி நிறுவனத்தின் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியது. பணம் செலுத்தும் முறையும் கடன் கணக்கிடும் முறையும் ஒருவருக்கே சொந்தமாகிவிடாமல் இருப்பதால், வங்கிகள் போட்டியிட்டுச் சேவையை மேம்படுத்த இயலுகிறது. அதன் பயன் வாடிக்கையாளருக்கே சேர்கிறது.

வன்பொருளும் புதிதாக இருத்தல் வேண்டுமா?

இனி சிறு உற்பத்தியாளரை நேரடியாகத் தொடும் கேள்விக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். நெல் உலர்த்தும் இயந்திரம் ஒன்று. வெப்பக் காற்றை இடைவிடாமல் செலுத்தினால் மணியின் வெளிப்புறம் விரைவாக உலர்ந்து, உட்புறம் ஈரமாகவே இருக்கும். மணியில் விரிசல் விழும். ஆலையில் அரைக்கும்போது அரிசி நொய்யாகிவிடும். இடையிடையே காற்றை நிறுத்தி மணியை ஆறவிட்டால் உள் ஈரம் பரவிச் சமனாகும். எப்போது நிறுத்துவது, எவ்வளவு நேரம் ஆறவிடுவது என்பதை ஈர அளவிலிருந்து உடனுக்குடன் தீர்மானிக்கும் புதிய கட்டுப்பாட்டு முறையை ஒருவர் கண்டறிகிறார் எனக் கொள்வோம். விசிறி, சூடேற்றி, சென்சார், கட்டுப்பாட்டுப் பலகை அனைத்தும் கடையில் வாங்கியவை. விளைவாக நொய் குறைகிறது, எரிபொருள் மிச்சமாகிறது.

2016 பிப்ரவரியில் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி இவர் பாடு கடினம். பங்களிப்பு நிரலில் இருக்குமானால், புதிய வன்பொருளோடு சேர்த்துக் கோரப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும் என அவை கூறின. சொந்தமாகச் சில்லுகளை வடிவமைக்கும் பெரு நிறுவனத்துக்கு இது பெரிய தடையாகாது. கடையில் வாங்கிய பலகையை வைத்து மூளையை மட்டுமே முதலீடு செய்தவருக்கோ கதவு மூடியே இருக்கும். சட்டத்தில் இல்லாத இந்த நிபந்தனை 2017 ஜூனில் வெளிவந்த திருத்திய நெறிகளில் நீக்கப்பட்டது.

அடுத்த தெளிவு ஃபெரித் அல்லானி வழக்கில் பிறந்தது. 2019 டிசம்பர் 12 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரதிபா எம். சிங் இத்தீர்ப்பை வழங்கினார். கார், மைக்ரோவேவ் அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி என எல்லாவற்றிலும் நிரல் உள்ள காலத்தில், நிரலைச் சார்ந்தது என்பதற்காகவே ஒரு கண்டுபிடிப்பை ஒதுக்குவது பிற்போக்காகும் என்பது அதன் கருத்து. தொழில்நுட்ப விளைவோ பங்களிப்போ இருப்பின், நிரலைச் சார்ந்திருந்தாலும் காப்புரிமை பெறலாம் என்றும் அது விளக்கியது. அல்லானியின் இந்திய விண்ணப்பம் 2002-ஆம் ஆண்டினது. அத்தீர்ப்பு வர 17 ஆண்டுகள் ஆயின. காப்புரிமையின் மொத்த ஆயுளே 20 ஆண்டுகள் என்பதை எண்ணினால், சட்டத்தில் தெளிவின்மைக்கு என்ன விலை என்பது புரியும்.

நம் நெல் உலர்த்திக்கே மீண்டும் வருவோம். அதே இயந்திரத்தில், எந்த விவசாயிக்கு எவ்வளவு வாடகை விதிப்பது, எவருக்கு முன்னுரிமை தருவது என்பதைக் கணக்கிடும் நிரலை ஒருவர் சேர்த்தால் அது வணிக முறை. எவ்வளவு பயனுள்ளதாயினும் காப்புரிமை இல்லை. இரும்பு ஒன்றே, பலகை ஒன்றே. ஆயினும் இரண்டு நிரல்களின் தகுதி வேறு. இந்த வேறுபாட்டைப் பற்றிக்கொண்டால் சட்டத்தின் உட்பொருள் விளங்கிவிடும்.

மறுதரப்பின் நியாயம்

இயந்திரத்தை ஆளும் நிரலுக்கும் காப்புரிமை வேண்டாம் என்போரின் வாதங்களை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஒரு கருவியின் நிரலில் நூற்றுக்கணக்கான சிறு வழிமுறைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் உரிமை கொண்டாடினால், புதிதாகத் தொழில் தொடங்குபவர் எதைத் தொட்டாலும் வழக்குக்கு அஞ்ச வேண்டியிருக்கும். விரைந்து மாறும் துறையில் 20 ஆண்டுகள் மிக நீண்ட காலம் என்பதும், 'தொழில்நுட்ப விளைவு' என்னும் சொல் நெகிழ்வானது, திறமையான வரைவாளர் எதையும் அதற்குள் புகுத்திவிடுவார் என்பதும் அவர்கள் கூறும் காரணங்கள்.

இவை மெய்யான அச்சங்களே. எனினும் இவற்றுக்கு மருந்து, புதுமையையும் எளிதில் தோன்றாமையையும் கண்டிப்பாகச் சோதிப்பதும், உரிமையின் எல்லையை விண்ணப்பதாரர் மெய்யாகவே விளக்கிய அளவோடு நிறுத்துவதும் ஆகும். நிரல் உள்ளது என்பதற்காக இயந்திரத்தையே தகுதியற்றதாக்கினால், பல்சக்கரத்தாலும் நெம்புகோலாலும் செய்தவருக்கு உரிமை உண்டு, அதே விளைவை மலிவாகவும் துல்லியமாகவும் நிரலால் செய்தவருக்கு இல்லை என்றாகிவிடும். அது நியாயமாகாது. நிரலால் இயங்கும் இயந்திரம் காப்புரிமைக்குத் தகுதி உடையது. அந்த நிரல் தனித்து நின்றால் தகுதி உடையதன்று. இதுவே நம் கருத்து. சட்டத்தின் போக்கும் இதனை நோக்கியே நகர்ந்து வந்துள்ளது.

தொழில்முனைவோர் கவனத்திற்கு

புதிய கருவி உருவாக்கும் வாடிக்கையாளர்கள் கீழ்க்காண்பவற்றை நினைவில் கொள்வது நலம்.

1. முதலில் விண்ணப்பம், பின்னரே விளம்பரம். கண்காட்சியில் காட்டுவதும் காணொளி வெளியிடுவதும் புதுமையைக் குலைத்துவிடக் கூடும். ஆய்வு முடியவில்லை எனில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து நாளைக் காத்துக்கொண்டு, 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பை அளிக்கலாம்.

2. விவரக்குறிப்பில் நிரலின் வரிகளைவிட இயந்திரத்தில் நிகழும் மாற்றத்தை விளக்குக. எரிபொருள், நேரம், சேதாரம், துல்லியம் ஆகியவற்றில் முன்னும் பின்னும் அளந்த எண்கள் இருத்தல் சிறப்பு. சோதனைப் பதிவேட்டை நாள் குறித்துப் பாதுகாக்கவும்.

3. தனிநபர், ஸ்டார்ட்அப், குறு, சிறு, நடுத்தர நிறுவனம் ஆகியோருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். ஏனையோருக்கு 8,000 ரூபாய். பரிசீலனை கோரும் கட்டணம் முறையே 4,000 ரூபாயும் 20,000 ரூபாயும் ஆகும். தாக்கல் செய்யும் முன் நடப்புக் கட்டணத்தைச் சரிபார்க்கவும். சலுகை பெற உத்யம் பதிவு உதவும்.

4. விண்ணப்பம் அளித்தால் மட்டும் பரிசீலனை தொடங்காது. அதற்குத் தனியே கோர வேண்டும். 2024 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இதற்கான காலவரம்பு 31 மாதங்கள். தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். காப்புரிமை கிடைத்தபின் புதுப்பிப்புக் கட்டணத்தையும் தவறாமல் செலுத்த வேண்டும்.

5. பிறர் காப்புரிமையைத் தேடிப் பார்க்காமல் உற்பத்தியில் பெருமுதலீடு செய்ய வேண்டாம். காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் வெளியான விண்ணப்பங்களைக் கட்டணமின்றித் தேடலாம். கொல்கத்தா, தில்லி, மும்பை, சென்னை ஆகிய நகரங்களில் அலுவலகங்கள் உள்ளன. பதிவு பெற்ற காப்புரிமை முகவரின் துணையை நாடுவது விவேகம்.

6. காப்புரிமை ஒரு சொத்து. அதை விற்கலாம், உரிமம் தரலாம், அடமானமும் வைக்கலாம். இவை எழுத்து மூலம் அமைந்து, காப்புரிமைப் பதிவேட்டில் பதிவாதல் வேண்டும். எனினும் காப்புரிமை ஒன்றே கடனுக்குப் போதிய பிணையாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அதன் சந்தை மதிப்பைக் கணிப்பது கடினம். விற்பனை ஆணைகள், சீரான கணக்குகள், சோதனை முடிவுகள் ஆகியவற்றோடு சேர்ந்து வரும்போதே அது கடன் விண்ணப்பத்துக்கு வலுவூட்டுகிறது.

பட்டறையில் இரவு பகலாக உழைத்து ஓர் இயந்திரத்துக்கு அறிவூட்டியவர், அந்த அறிவு இரும்பாக இல்லாமல் நிரலாக இருக்கிறது என்பதால் மனம் தளர வேண்டியதில்லை. தம் இயந்திரம் முன்னினும் எதை நன்றாகச் செய்கிறது என்று அளந்து, எழுதி, உரிய காலத்தில் பதிவு செய்தால், சட்டத்தின் துணையை நாட அவருக்கு வழி திறந்தே இருக்கிறது.